நெஞ்சைக் காட்டி நின்ற பிள்ளைக்கு ஏன் ஃபவுல்? (பிளாக்கிங், சார்ஜிங்)

ஹட்டன்_கூடைப்பந்து:
வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் பெண்பிள்ளைகள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன கிழமை வலயமட்டப் போட்டி. ஆட்டம் முடியும் நேரம், எதிரணிப் பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டு நேராகக் கூடைக்கு ஓடி வந்தாள். எங்கள் பிள்ளை குறுக்கே போய் நெஞ்சைக் காட்டி நின்றாள். மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். மத்தியஸ்தர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் காட்டினார், அதாவது பிளாக்கிங், தடுத்தவள்மேல் ஃபவுல். அது அவளுக்கு 5ஆவது ஃபவுல். வெளியே வந்து அழுதுகொண்டே இருந்தாள். ஓடி வந்தவள் மோதினால் சார்ஜிங், அதாவது அவள்மேல் ஃபவுல்தானே? எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

பதுளை_ரசிகன்:
அசையாமல் நின்றால் சார்ஜிங், அசைந்தால் பிளாக்கிங். என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து) பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அநியாயத் தீர்ப்பு.

விசில்_டீச்சர்:
தம்பி, ‘அசையாமல்’ என்று ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில் எங்கேயும் இல்லை. நான் நாவலப்பிட்டி, கண்டிப் பக்கம் பாடசாலைப் போட்டிகளுக்கு விசில் அடிக்கிறவள். பிள்ளைகள் இந்த ஒரு வார்த்தையை நம்பிக் கல்லாக நின்றே எத்தனையோ கூடைகளை விட்டுக்கொடுப்பதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

தடுப்பவள் முதலில் எதிராளியை நேராகப் பார்த்து, இரண்டு கால்களையும் தரையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் தொடக்கம். அதற்குப் பிறகு பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், நேர்மேலே எகிறலாம். நகரும்போது ஒரு கணம் கால் தரையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எதிராளியை நோக்கி முன்னால் மட்டும் போகக்கூடாது. மோதல் நெஞ்சில், வயிற்றில் பட்டால் அந்த இடத்துக்கு அவள்தான் முதலில் வந்தவள் என்று எடுத்துக்கொள்வோம். நீட்டிய முழங்காலிலோ இடுப்பிலோ பட்டால் அது பிளாக்கிங்.

பந்து வைத்திருப்பவளுக்கு இடைவெளி கொடுக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. கடைசி நொடியில் குறுக்கே வந்து நின்றாலும், பந்தோடு வருகிறவள்தான் நிற்கவோ திரும்பவோ தயாராக இருக்க வேண்டும். பந்து இல்லாதவள் என்றால் மட்டும் ஓரிரு காலடி இடம் விட வேண்டும்.

ஆனால் பந்தோடு வந்தவள் எகிறிவிட்டால் கதை மாறும். அவள் தரையை விட்டபின் அவளுடைய வழியில் யாரும் புகமுடியாது. அதனால் நாங்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, தடுப்பவளின் காலையும் நெஞ்சையும்தான் பார்ப்போம். அவள் தயாரான பிறகு மற்றவள் எகிறினாளா, முன்பே எகிறிவிட்டாளா? தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, கூடைக்குக் கீழே உள்ள அரைவட்டம். தடுப்பவளின் ஒரு கால் அந்தக் கோட்டை மிதித்திருந்தாலே, எகிறிப் போடுகிறவள்மேல் சார்ஜிங் கொடுப்பதில்லை, கையாலோ முழங்காலாலோ தள்ளினால் தவிர. உங்கள் பிள்ளை எங்கே நின்றாள்?

ஹட்டன்_கூடைப்பந்து:
நன்றி டீச்சர். ஒரு தகப்பன் போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பட்டது நெஞ்சில்தான். ஆனால் மற்றவள் எகிறும்போது எங்கள் பிள்ளையின் இடது கால் இன்னும் தரைக்கு வரவில்லை. அரைவட்டத்துக்கு வெளியேதான் நின்றிருப்பாள் போல. அந்த மைதானத்தில் மழைக்கு வர்ணம் கழன்று கோடு சரியாகத் தெரியவில்லை.

விசில்_டீச்சர்:
அப்படியானால் பிளாக்கிங் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிவிடாதீர்கள். துணிந்து குறுக்கே போவது பெரிய விஷயம், அவளுக்குக் கால் மட்டும்தான் பிந்தியது. பந்து கடைசியாகத் தரையில் தட்டப்படும்போதே அவள் புறப்படப் பழக்குங்கள். கைகள் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். மோதும் நேரத்தில் நெஞ்சைக் காக்கத் திரும்பிக்கொள்ளலாம், விதி அதைத் தடுக்கவில்லை. தொடாமலேயே விழுந்து நடிக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள், அதற்கும் தண்டனை உண்டு.

உங்கள் மைதானத்தில் அரைவட்டம் இல்லையென்றால் நீங்களே போடுங்கள். வளையத்தின் நடுவிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளியிலிருந்து 1.25 மீற்றர் அளந்து சுண்ணாம்பால் வரையலாம். மழை பெய்தால் திரும்பப் போட வேண்டும், என்ன செய்வது.

பதுளை_ரசிகன்:
என்பிஏயிலும் இதே 1.25 மீற்றர்தானா டீச்சர்?

விசில்_டீச்சர்:
அங்கே 4 அடி, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 2023-24 பருவத்திலிருந்து, பந்தோடு வருபவர் எகிறுவதற்காகக் காலை ஊன்றும் முன்பே தடுப்பவர் தயாராக இருக்க வேண்டும் என்று அங்கே இறுக்கிவிட்டார்கள். நமது பிள்ளைகள் ஆடுவது ஃபீபா விதியில். வீடியோ பார்த்துப் பழகும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.