மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு முழங்கால் மடங்கவில்லை: ஏற்காட்டில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தேவை

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. ஒன்றரை மாதத்துக்கு முன் சேலத்தில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம்.

கால் 80 டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது பாதம் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டே இருக்கிறது. படுத்து நீட்டினாலும் முழங்காலுக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறது. சாயங்காலம் வீக்கம், ராத்திரி வலி. காய்ச்சல் இல்லை, தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சரி. சர்க்கரை உண்டு, கட்டுக்குள் இருக்கிறது.

துண்டில் சுற்றி ஐஸ் வைக்கிறோம். குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்து முட்டியை நீட்டுகிறோம், கட்டிலில் குதிகாலை இழுத்து மடக்கும் பயிற்சியும் தினமும் உண்டு. வீடியோ காலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தார், ஆனால் கை வைத்து மடக்க ஆள் வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். சேலத்துக்குக் கூட்டிப் போனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவதற்குள் கால் வீங்கி, அடுத்த நாள் பயிற்சியே நடப்பதில்லை. கேட்ட இடத்திலெல்லாம் மலைக்கு வர முடியாது என்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் மடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். அதை நினைத்து அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை.

வாரத்தில் மூன்று நாளாவது நாகலூர் வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?