கார் சாக்கெட்டில் ஃபியூஸ் நிற்கவில்லை: குடும்பக் குழு

அக்கா: காரில் போன் சார்ஜர் செருகும் சாக்கெட் மறுபடியும் வேலை செய்யவில்லை. காலையில்தான் புது ஃபியூஸ் போட்டோம். பின்பக்க சாக்கெட்டும் சேர்ந்து நின்றுவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டும் கெடுமா சித்தப்பா?

சித்தப்பா: இரண்டும் கெட்டிருக்காதம்மா. பல கார்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ்தான். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் படம் போட்டிருப்பார்கள், பார். என்ன நிறம் போட்டீர்கள்?

அத்தான்: நீலம் மாமா, 15 ஆம்பியர். பழையதும் அதுதான்.

தம்பி: பச்சை நிறத்தில் 30 ஆம்பியர் வருகிறதே, அதைப் போட்டுவிட்டால் போகாதல்லவா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம் தம்பி! ஃபியூஸ் வைத்திருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஏற்றபடி போட்ட ஒயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ் சும்மா இருக்கும், ஒயர் உருகும். அதுவும் டாஷ்போர்டுக்குள், யார் கண்ணுக்கும் படாமல். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. பழைய ஃபியூஸில் கம்பி சுற்றுவது, அலுமினியத் தாள் வைப்பது எல்லாமே அதே ஆபத்துதான்.

சித்தப்பா: ஃபியூஸ் எப்போது போகிறது என்று சொல். எதையாவது செருகியதுமா, கொஞ்ச நேரம் ஓடிய பிறகா, ஒன்றும் செருகாமலேயா? அதை வைத்துத்தான் காரணம் தேட வேண்டும்.

அக்கா: முதலில் போனது டயருக்குக் காற்றடித்து முடித்து, பம்பின் பிளக்கைப் பிடுங்கும்போது. காலையில் எதுவுமே செருகவில்லை. சாவியைத் திருப்பியதும் போய்விட்டது.

சித்தப்பா: ஒன்றும் செருகாமல் போகிறதென்றால் சாக்கெட்டுக்குள்ளோ ஒயரிலோ ஷார்ட். பம்பின் பிளக்கைப் படம் எடுத்து அனுப்பு.

அக்கா: 📷 படம்

சித்தப்பா: நினைத்தேன். முனையைப் பார், நடுவில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய உலோக முள்ளும் அதைப் பிடிக்கும் மரை வளையமும் இல்லை. அதிர்வில் கழன்று சாக்கெட்டுக்குள்ளேயே தங்கியிருக்கும். சாக்கெட்டின் அடியில், நடுவில் இருப்பது பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ். இரண்டையும் அந்த உலோகம் தொட்டால் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் நிற்காது.

அத்தான்: டார்ச் அடித்துப் பார்த்தேன் மாமா, உள்ளே பளபளக்கிறது. எடுத்துவிடட்டுமா?

சித்தப்பா: சாவியை எடுத்துவிடுங்கள் மாப்பிள்ளை. ஃபியூஸும் கழற்றியே இருக்கட்டும். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். பிளக்குக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் கண்ணாடி ஃபியூஸும் இருக்கும், அவையும் உள்ளே விழுந்திருக்கலாம். எண்ணிப் பார்த்து எடுங்கள்.

அத்தான்: வளையம், முள், ஸ்பிரிங், கண்ணாடி ஃபியூஸ், நான்கும் வந்துவிட்டன.

சித்தப்பா: இரண்டு சாக்கெட்டிலும் எதுவும் செருகாமல், மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையை நடுவிலும் மறுமுனையை உட்சுவரிலும் தொடுங்கள். ஒலித்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது, ஃபியூஸ் போடாதீர்கள்.

அத்தான்: ஒலிக்கவில்லை. அதே 15 ஆம்பியர் போட்டேன். இரண்டு சாக்கெட்டிலும் சார்ஜ் ஏறுகிறது.

அக்கா: அப்பாடா! பம்பை இனி இதில் போடலாமா சித்தப்பா?

சித்தப்பா: அதன் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது?

அக்கா: 12 வோல்ட், 10 ஆம்பியர்.

சித்தப்பா: அப்படியானால் இந்த சாக்கெட் தாங்கும். ஆனால் அந்த பிளக்கை மாற்றிய பிறகுதான். காற்றடிக்கும்போது பின் சாக்கெட்டில் வேறு எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த 15.