முப்படிக் கோவையில் முதல் பூச்சியம்: உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

ட்யூஷன் டீச்சர், தஞ்சாவூர்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை, அதாவது எக்ஸின் அடுக்குகளுக்கு முன்னால் நிற்கும் எண்களை, மட்டும் வைத்து வகுப்பது) நடத்திக்கொண்டிருக்கிறேன். எக்ஸ் கியூப் வரை போகும் முப்படிக் கோவையில் உண்மையான வேலை முதல் பூச்சியத்தை, அதாவது கோவையின் மதிப்பை 0 ஆக்கும் எக்ஸின் மதிப்பைப் பிடிப்பது மட்டும்தான். அது கிடைத்துவிட்டால் மிச்சம் இருபடி, நடு உறுப்பைப் பிரித்தால் முடிந்தது. அந்த முதல் பூச்சியத்தோடு உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். போனில் அடுக்கு போட்டுத் தட்டுவது பெரும்பாடு, அதனால் கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதினால் போதும்.

நானே தொடங்குகிறேன். எக்ஸ் கியூப் மைனஸ் 7எக்ஸ் பிளஸ் 6. ஒரு பையன் கெழுக்களை 1, −7, 6 என்று எழுதினான். எக்ஸ் ஸ்கொயர் இல்லாத இடத்தில் 0 போடவில்லை. இடப்பக்கம் 1 போட்டு, முதல் கெழுவைக் கீழே இறக்கி, பெருக்கிக் கூட்டினான்: 1, −6, 0. "மீதி பூச்சியம் வந்துடுச்சு மிஸ், ஈவு எக்ஸ் மைனஸ் 6" என்று நோட்டை நீட்டினான். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், மீதி நிஜமாகவே பூச்சியம்தான். எக்ஸுக்கு 1 போடும்போது கோவையின் மதிப்பு கெழுக்களின் கூட்டுத்தொகை, அவ்வளவே. நடுவில் ஒரு 0 இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. அதனால் 1 வைத்து மட்டும் சோதித்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. மூன்றாம் படியை முதல் படியால் வகுத்தால் ஈவு இரண்டாம் படியில் வரவேண்டாமா என்று கேட்டேன். தலையாட்டினான், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. சரி, உன் ஈவுப்படி 6 ஒரு பூச்சியம், அதைக் கோவையில் போட்டுப் பார் என்றேன். 216 − 42 + 6 = 180. அடுத்து 2 போடச் சொன்னேன். நேரடியாகப் போட்டால் 8 − 14 + 6, பூச்சியம் வந்தது. அவன் எழுதிய வரிசையிலோ மீதி −4. அப்போதுதான் ரப்பரை எடுத்தான். 1, 0, −7, 6 என்று எழுதி 1ஆல் வகுத்ததும் 1, 1, −6 வந்தது. பூச்சியங்கள் 1, 2, −3.

ஓய்வுபெற்ற வாத்தியார்

கூட்டுத்தொகை 0 என்றால் 1 பூச்சியம். ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக் கூடுதலும் மற்றவற்றின் கூடுதலும் சமமானால் −1 பூச்சியம். இரண்டும் இல்லையென்றால் மாறிலியின் (எக்ஸ் இல்லாத கடைசி எண்ணின்) காரணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். இதுவரை எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுக்கிறார்கள். குறியைப் பார்க்கத்தான் யாரும் சொல்வதில்லை. 1, 8, 19, 12 என்று எல்லாம் மிகை எண்ணாக இருக்கும்போது எக்ஸுக்கு மிகை எண் போட்டால் எப்படி ஐயா பூச்சியம் வரும்? கூடிக்கொண்டேதான் போகும். ஆனாலும் 1, 2, 3, 4, 6, 12 என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே 1 + 19 = 20, 8 + 12 = 20, ஆகவே −1. ஈவு 1, 7, 12. மற்ற இரண்டும் −3, −4.

விடைத்தாள் திருத்துகிறவர்

முதல் கெழு 1 இல்லாத கணக்குகளில் நான் அடிக்கடி பார்ப்பது: 2, −3, −3, 2. பூச்சியங்கள் −1, 2, ½ என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, காரணிகள் (எக்ஸ் + 1)(எக்ஸ் − 2)(எக்ஸ் − ½) என்று எழுதிவிடுவார்கள். பெருக்கினால் கேட்ட கோவையில் பாதிதான் வரும். (2எக்ஸ் − 1) என்று எழுதவேண்டும். இன்னொன்று, இந்தக் கெழுக்களை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அப்படியிருந்தால் 2 ஒரு பூச்சியம் எனத் தெரிந்ததுமே அதன் தலைகீழியான ½ தேடாமலே கிடைத்துவிடும்.

இன்ஜினியரிங் முடித்தவன்

எங்களுக்கு இது ஐகன் மதிப்பு (ஓர் அணியிலிருந்து எழுதும் லாம்டா கோவையின் பூச்சியம்) என்ற பெயரில் திரும்ப வந்தது. லாம்டா கியூப், மைனஸ் எஸ்1 லாம்டா ஸ்கொயர், பிளஸ் எஸ்2 லாம்டா, மைனஸ் எஸ்3; எஸ் மூன்றும் அணியிலிருந்து கணக்கிடும் எண்கள். முதல் நிரை 8, −6, 2, இரண்டாவது −6, 7, −4, மூன்றாவது 2, −4, 3 என்ற அணி ஞாபகம் இருக்கிறதா? அதைப் போடாத செக்‌ஷன் இருக்காது. கெழுக்கள் 1, −18, 45, 0. மாறிலி இல்லையே, எதன் காரணியைப் போட்டுப் பார்ப்பது என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் கால்குலேட்டரில் ஈக்வேஷன் மோடைத் தேடிக்கொண்டிருந்தான். மாறிலி இல்லாததே பதில்: லாம்டாவை வெளியே எடுத்தால் 0 கையில், மிச்சம் 3, 15. கூட்டினால் 18, மூலைவிட்டக் கூடுதலும் அதுவே.

ஒரு அம்மா

என் மகள் தானாகவே ஒரு கணக்கு உருவாக்குகிறேன் என்று 1, 0, −2, −5 எழுதிவந்தாள். 1, −1, 5, −5 எதுவுமே ஒத்துவரவில்லை, அழாத குறை. பாடப்புத்தகக் கணக்கெல்லாம் காரணிகளை முதலில் வைத்துக்கொண்டு பெருக்கிச் செய்தவை, அதனால்தான் அங்கே முழு எண் வருகிறது என்றேன். பூச்சியத்தைப் படிப்படியாக நெருங்கும் தன் முறையை நியூட்டன் விளக்க எடுத்துக்கொண்டதும் இதே கோவைதான் என்று சொன்னதும் முகம் மாறியது! 2 போட்டால் −1, 3 போட்டால் 16. அப்படியென்றால் பூச்சியம் இரண்டுக்கும் நடுவே, 2க்குப் பக்கத்தில். 2.1 போட்டால் 0.061. இன்னும் கொஞ்சம் இறங்கினால் 2.0946. முப்படி எல்லாவற்றுக்கும் ஒரு சூத்திரம் இல்லையா அம்மா என்கிறாள். இருக்கிறதா?

கல்லூரியில் கணிதம் எடுப்பவர்

இருக்கிறது. இத்தாலியக் கணித அறிஞர் கார்டனோ 1545இலேயே அச்சில் வெளியிட்டுவிட்டார். ஆனால் 1, 0, −15, −4ஐ அதில் போட்டுப் பாருங்கள். வழியில் −121இன் வர்க்கமூலம் வந்து நிற்கும். இன்னொரு இத்தாலியக் கணித அறிஞர் பொம்பெல்லி அதைக் கண்டு ஒதுங்காமல், 2 + √−121இன் கனமூலம் 2 + √−1 என்று காட்டினார். அதன் ஜோடி 2 − √−1. இரண்டையும் கூட்டினால் 4. 1572இல் வெளிவந்தது அது. அதே 4 மாறிலியின் காரணிதானே, நேராகப் போட்டால் 64 − 60 − 4, ஒரே வரி. வகுத்தால் ஈவு 1, 4, 1. இதில் நடு உறுப்பைப் பிரிக்க முடியாது, இருபடிச் சூத்திரம்தான்: −2 ± √3.