மியூரனில் 4 இரவு, லுசேர்னில் 1 இரவு: 6 நாள் பாஸா, ஹாஃப் ஃபேர் கார்டா?

கேட்பவர்: மலையேறி_குடும்பம்

வணக்கம். ஜூன் மூன்றாம் வாரம் சுவிட்சர்லாந்து போகிறோம். நானும் மனைவியும், 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண். திட்டம் இப்படி:

முதல் நாள் மதியம் 1.30க்கு சூரிச் விமான நிலையம், அன்றே மியூரன் என்ற மலைக் கிராமம். இரண்டாம் நாள் ஊருக்குள்ளேயே நடை. மூன்றாம் நாள் மலை ரயிலில் யுங்ஃப்ராவ்யோக். நான்காம் நாள் கேபிள் காரில் ஷில்ட்ஹார்ன் சிகரம். ஐந்தாம் நாள் மியூரனிலிருந்து லுசேர்ன். ஆறாம் நாள் லுசேர்னிலிருந்து சூரிச் விமான நிலையம்.

சந்தேகங்கள்:
1. சுவிஸ் ட்ராவல் பாஸ் 6 நாளுக்கு எடுப்பதா, பாதிக் கட்டணத்தில் டிக்கெட் எடுக்க உதவும் ஹாஃப் ஃபேர் கார்டா?
2. எஸ்பிபி (சுவிஸ் ரயில்வே) ஆப்பில் மியூரன் என்று தேடினால் இரண்டு நிலையங்கள் வருகின்றன. ஒன்று பிஎல்எம், இன்னொன்று ஷில்ட்ஹார்ன்பான். எதைத் தேர்ந்தெடுப்பது?
3. முதல் நாளுக்கு சூப்பர்சேவர் டிக்கெட் மலிவாகக் காட்டுகிறது. வாங்கிவிடலாமா?
4. இரண்டு பெரிய சூட்கேஸ். எத்தனை இடத்தில் மாற வேண்டும்?

பதில்: தண்டவாளம்

உங்கள் திட்டத்துக்கு ஹாஃப் ஃபேர் கார்டுதான். கணக்கைப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு, இரண்டாம் வகுப்பு, முழுக் கட்டணம், பிராங்கில், சுமாராக:

சூரிச் விமான நிலையம் – மியூரன்: 95
மியூரன் – லவுட்டர்புருன்னன் (கீழே பள்ளத்தாக்கில் உள்ள ஊர்) போக வர: 25
லவுட்டர்புருன்னன் – யுங்ஃப்ராவ்யோக் போக வர: 235
மியூரன் – ஷில்ட்ஹார்ன் போக வர: 85
மியூரன் – லுசேர்ன்: 55
லுசேர்ன் – சூரிச் விமான நிலையம்: 30

மொத்தம் 525. கார்டு இருந்தால் இதில் எல்லாமே பாதி, அதாவது 262. கார்டின் விலை 150 (2025 விலை). ஆக சுமார் 412.

6 நாள் பாஸ் 379 (இதுவும் 2025 விலை). மியூரன் வரை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் யுங்ஃப்ராவ்யோக் அடக்கமில்லை. வழியில் இருக்கும் வெங்கன் ஊர் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டும்தான். அங்கே இன்னும் 165 போல் கட்ட வேண்டும். ஷில்ட்ஹார்னுக்குப் பாதி, 43. கூட்டினால் 587 வருகிறது. ஆளுக்கு 175 வித்தியாசம், இரண்டு பேருக்கு 350 பிராங்க். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பாஸ் இருந்தால் எல்லா மலையும் இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, பாஸ் தொடர்ச்சியான நாட்களுக்குத்தான். ஊருக்குள்ளேயே நடக்கும் இரண்டாம் நாளும் அதில் ஒரு நாளாகக் கழிந்துவிடும். நாட்களை நாமே தேர்ந்தெடுக்கும் ஃப்ளெக்ஸ் பாஸ் உண்டு, ஆனால் அதன் விலை இன்னும் கூடுதல். தினமும் ஒரு ஊர், படகு, அருங்காட்சியகம், ரிகி மலை என்று சுற்றுபவர்களுக்குத்தான் பாஸ் லாபம்.

பிள்ளைகளுக்கு: கார்டோ பாஸோ வாங்கும்போதே சுவிஸ் ஃபேமிலி கார்டையும் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காசு இல்லை, ஆனால் கேட்காவிட்டால் வராது. 6 முதல் 15 வயது வரை பெற்றோரில் ஒருவரோடு போனால் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

சூப்பர்சேவர் பற்றி: வேண்டாம். அந்த டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் 40 நிமிடம் தாமதமானாலோ, குடியேற்ற வரிசை நீண்டாலோ டிக்கெட் வீண், பணமும் திரும்பாது. அதற்குப் பதில் சேவர் டே பாஸ் பாருங்கள். தேதிதான் கட்டுப்பாடு, ரயில் இல்லை. அன்று எந்த ரயிலிலும் ஏறலாம், மியூரன் வரைக்கும் செல்லும். ஹாஃப் ஃபேர் கார்டு உள்ளவர்களுக்கு 29 பிராங்கில் தொடங்குகிறது. ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். முதல் நாளுக்குப் பாதிக் கட்டணமே 48 ஆகிறதே, 29க்கோ 39க்கோ கிடைத்தால் எடுத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் லுசேர்னுக்குப் பாதி 28தான், அன்றைக்கு டே பாஸ் தேவையில்லை.

பதில்: பேர்ண்_ரயில்

வணக்கம் அண்ணா. இரண்டு மியூரனும் ஒரே ஊர்தான். ஊரின்ர வடக்கு முனையில பிஎல்எம் எண்ட மலை ரெயின் ஸ்டேஷன், தெற்கு முனையில ஷில்ட்ஹார்ன் கேபிள் கார் நிலையம். இரண்டுக்கும் நடுவில கால் மணித்தியாலம் நடக்க வேணும். ஊருக்குள்ள கார் ஓடாது, பெட்டியை நீங்கள்தான் இழுக்க வேணும். அதால முதல்ல ஹோட்டல் எந்த முனைக்குக் கிட்ட எண்டு வரைபடத்தில பாருங்கோ. பிறகு அந்த நிலையத்தின்ர பேரை ஆப்பில போடுங்கோ.

வடக்கு முனையெண்டால்: லவுட்டர்புருன்னன் ஸ்டேஷனுக்கு எதிரில கேபிள் கார், க்ரூட்சால்ப் வரை. அங்க சின்ன ரெயின் தயாரா நிக்கும், 14 நிமிசத்தில மியூரன். தெற்கு முனையெண்டால்: லவுட்டர்புருன்னன்ல 141ஆம் நம்பர் பஸ் எடுத்து ஸ்டெக்கல்பெர்க் கேபிள் கார் நிலையம். 2024 டிசம்பரில திறந்த புதுக் கேபிள் கார் அங்கயிருந்து நேரா மியூரனுக்கு ஏறும். ஹாஃப் ஃபேர், டே பாஸ் எல்லாம் இரண்டு பக்கத்திலயும் செல்லும்.

மாறுற இடங்கள்: பேர்ண், இன்டர்லாக்கன் ஓஸ்ட், லவுட்டர்புருன்னன், க்ரூட்சால்ப். மொத்தம் மூண்டேகால் மணித்தியாலம் போல வரும். இன்டர்லாக்கனிலயும், யுங்ஃப்ராவ்யோக் போற வழியிலயும் ஏன் மாற வேணும் எண்டால் தண்டவாளத்தின்ர அகலம் ஒண்டல்ல. இன்டர்லாக்கன் வரை 1,435 மில்லிமீட்டர். அங்கயிருந்து லவுட்டர்புருன்னன், கிரின்டல்வால்ட் போற பாதை 1,000. வெங்கன் வழியா க்ளைனே ஷைடெக் ஏறுற பல்சக்கர ரெயின் 800. அதுக்கு மேல யுங்ஃப்ராவ் ரெயின் திரும்பவும் 1,000. ஒரு வண்டி மற்றப் பாதையில ஓட ஏலாது.

இரண்டு இடத்தில கவனம் வேணும். பேர்ணில இருந்து வாற ரெயின் முதல்ல இன்டர்லாக்கன் வெஸ்ட்ல நிக்கும். அங்க இறங்கக் கூடாது. கடைசி நிறுத்தம் ஓஸ்ட், அதுதான் உங்கட இடம். அடுத்தது, ஓஸ்ட்ல இருந்து வெளிக்கிடுற ரெயின் ஸ்வைலூட்சினன்ல இரண்டாப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னன், மற்றது கிரின்டல்வால்ட். ஏற முன்னம் ரெயின் பெட்டியின்ர பக்கத்துப் பலகையில ஊர்ப் பேரைப் பாருங்கோ. பிளாட்பாரத்துத் திரையில இருக்கிற பேரை மட்டும் நம்ப வேண்டாம், அதில இரண்டு ஊர்ப் பேரும் இருக்கும். பிழையா ஏறினால் ஸ்வைலூட்சினன்ல இறங்கி மற்றப் பாதிக்கு மாறலாம், ஆனா இரண்டு சூட்கேஸோட அது பெரிய அலைச்சல்.

பேர்ணில இணைப்பு தவறினால் பதறாதேங்கோ. இன்டர்லாக்கனுக்கு அடுத்தது பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில இருக்கு. டே பாஸ் எண்டபடியால் ரிக்கற்றும் மாத்தத் தேவையில்லை.

மலையேறி_குடும்பம்

இருவருக்கும் மிக்க நன்றி. ஹோட்டல் பிஎல்எம் பக்கம்தான், பார்த்துவிட்டேன். இன்னும் மூன்று கேள்விகள். யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டை இப்போதே வாங்கிவிடலாமா? யுங்ஃப்ராவ் ட்ராவல் பாஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது? ஆப்பில் விலை பார்த்தால் முழுக் கட்டணம்தான் வருகிறது, பாதி காட்டவே இல்லை.

பதில்: தண்டவாளம்

ஆப்பில் பயணியின் விவரத்துக்குள் போய், சலுகை என்ற இடத்தில் ஹாஃப் ஃபேர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாதவரை ஆப் எல்லோரையும் முழுக் கட்டணப் பயணியாகத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பெரியவர்களுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இருப்பதால் அவர்களை அந்த டிக்கெட்டில் சேர்க்கவே வேண்டாம்.

கார்டு வாங்காமலேயே ஆப்பில் பாதி விலையைத் தேர்ந்தெடுக்க முடியும், ஆப் தடுக்காது. ரயிலில் பரிசோதகர் டிக்கெட், கார்டு, பாஸ்போர்ட் மூன்றையும் கேட்பார். கார்டு இல்லையென்றால் அபராதம். ஆகவே கார்டின் தொடக்கத் தேதி நீங்கள் இறங்கும் நாளாகவோ அதற்கு முந்தைய நாளாகவோ இருக்கட்டும். ஒரு மாதம் செல்லும்.

பதில்: பனிக்கோடு

யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டை இப்போது வாங்காதீர்கள். உச்சி நிலையம் 3,454 மீட்டர். கீழே வெயில் அடித்தாலும் மேலே மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். பாதிக் கட்டணம் அன்று காலையிலும் அதே பாதிதான், முன்னால் வாங்குவதால் ஒரு பிராங்க் கூட மிச்சமில்லை. காலையில் எழுந்ததும் உச்சியின் நேரடி கேமராவைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கிளம்புங்கள், இல்லையென்றால் நான்காம் நாளோடு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாட்களில் எது தெளிவோ அது யுங்ஃப்ராவுக்கு. ஷில்ட்ஹார்ன் (2,970 மீட்டர்) ஊரிலிருந்தே ஏறுவதால் மத்தியானம் மேகம் விலகினாலும் போய்வரலாம்.

ஜூனில் கூட்டம் உண்டு, அதனால் கடைசிக் கட்ட ரயிலுக்கு இருக்கை முன்பதிவு வேண்டியிருக்கும். ஆளுக்கு 10 பிராங்க். வானிலை உறுதியானதும் முந்தைய மாலையே அதைப் போட்டுவிடுங்கள்.

வழி: லவுட்டர்புருன்னனிலிருந்து வெங்கன், க்ளைனே ஷைடெக் வழியாக ஏறுங்கள். இறங்கும்போது ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரைப் பிடித்து 15 நிமிடத்தில் கிரின்டல்வால்ட் டெர்மினல் வந்துவிடலாம். அங்கிருந்து ஸ்வைலூட்சினனில் மாறி லவுட்டர்புருன்னன். டிக்கெட் வாங்கும்போதே ஏறுவது வெங்கன் வழி, இறங்குவது கிரின்டல்வால்ட் வழி என்று கவுண்டரில் சொல்லிவிடுங்கள். மியூரனிலிருந்து ஏறுவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். பிள்ளைகளை மேலே ஓடவிடாதீர்கள், அந்த உயரத்தில் பத்தடி ஓடினாலே தலை கனக்கும். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள்.

யுங்ஃப்ராவ் ட்ராவல் பாஸ் உங்களுக்கு வேண்டாம். ஐகர்கிளெட்ஷர் வரைதான் அடக்கம், உச்சிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஷில்ட்ஹார்ன் வேறு கம்பெனி, அதில் வராது. வெங்கனிலோ கிரின்டல்வால்டிலோ தங்கி மூன்று நான்கு நாள் விடாமல் மென்லிஷன், ஃபிர்ஸ்ட் என்று மலைகளில் ஏறி இறங்குபவர்களுக்கு அது அருமையான பாஸ்.

மலையேறி_குடும்பம்

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: ஐந்தாம் நாள் லுசேர்னுக்கு ஆப் பேர்ன் வழியையும் காட்டுகிறது, பிரூனிக் கணவாய் வழியையும் காட்டுகிறது. எது?

பதில்: தண்டவாளம்

பிரூனிக், யோசிக்கவே வேண்டாம். இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து லுசேர்னுக்கு மாறாமல் ஒரே வண்டி, இரண்டு மணி நேரத்துக்குள். முன்பதிவு கட்டாயமில்லை.

ஓஸ்டில் ஏறும்போது ரயில் போகும் திசைக்கு வலது பக்கம் உட்காருங்கள், பிரியன்ஸ் ஏரி கரையோடு வரும். மைரிங்கனில் வண்டி திசை திரும்பும், உங்கள் பக்கம் இடதாகிவிடும். எழுந்து மாறிவிடாதீர்கள். 1,002 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் நிலையத்தைத் தாண்டியதும் லுங்கர்ன் ஏரியும் சார்னன் ஏரியும் அதே ஜன்னலில்தான் வரும். டிக்கெட் எடுக்கும்போது வழி என்ற இடத்தில் பிரூனிக் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பேர்ன் வழிக்கு எடுத்த டிக்கெட் இந்தப் பாதையில் செல்லாது.