இரட்சிப்பை இழக்க முடியுமா?

எஸ்தர்_நெல்லை: சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். என் மூத்தவன் திடப்படுத்தல் (தன் விசுவாசத்தைச் சபைமுன் தானே அறிக்கையிடும் சடங்கு) எடுத்தவன், வாலிபர் கூட்டத்தில் முன்னால் நின்று பாடினவன். நாலு வருஷமாக ஆலயப் பக்கமே வருவதில்லை. குடும்ப ஜெபத்துக்கு உட்காரச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். போன வாரம் சபையார் ஒருவர், "அவன் இரட்சிப்பை இழந்துட்டான்க்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அப்படி இழக்க முடியுமா?

மேய்ப்பன்_கோல்: முடியாதுக்கா. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்கிறார் ஆண்டவர் (யோவான் 10:28). எபிரெயர் 13:5-ஐயும் பாருங்கள். "விலகுவதுமில்லை, கைவிடுவதுமில்லை" என்று நாம் வாசிக்கிற அந்த ஒரு வரியில், கிரேக்க மூலத்தில் ஐந்து எதிர்மறைச் சொற்கள் வருகின்றன. இல்லை, இல்லவே இல்லை என்று அடுக்கிச் சொன்னவர் உங்கள் மகனை விட்டுவிடுவாரா?

பெரேயா_வாசகன்: பிரதர், அதே நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? பரிசுத்த ஆவியைப் பெற்ற பிறகு மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்று அங்கே இருக்கிறது. விசுவாசிகளுக்கு எழுதின எச்சரிப்பு அது. யோவான் 10-லும் முந்தின வசனம், "அவைகள் எனக்குப் பின்செல்லுகிறது." வெளியிலிருந்து யாரும் பறிக்க முடியாது, சரி. ஆடு தானே இறங்கிப் போனால்? பவுலோடு ஊழியம் செய்த தேமா உலகத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்து போனானே. அக்காவை வருத்துவதற்காகச் சொல்லவில்லை. பொய்யான நிம்மதி அந்தப் பையனுக்கு உதவாது.

மேய்ப்பன்_கோல்: "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்றும் அதே வசனத்தில் இருக்கிறதே! தானாக இறங்கிப் போகிற ஆடு அந்த "ஒருக்காலும்"-க்குள் அடங்காதா? பழைய வழக்குதான் இது. 1610-ல் டச்சு இறையியலாளர் அர்மீனியுவின் வழிவந்தவர்கள், இதை இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதினார்கள். 1618-19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடின சபை மாநாடு, தேவன் தம்முடையவர்களைக் கடைசிவரை காப்பார் என்று முடிவு சொன்னது. பிறகு மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி அதை மறுத்தார்.

பெரேயா_வாசகன்: நான் வெஸ்லி பக்கம். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எபிரெயர் 6-ல் அத்தனை கடுமையாக எழுதின கை, 9-ஆம் வசனத்தில் "பிரியமானவர்களே" என்று கூப்பிட்டு, உங்களைப் பற்றி நல்லதையே நம்புகிறோம் என்கிறது. ஒரு தாயிடம் அவள் பிள்ளையின் பேரில் தீர்ப்புச் சொல்ல அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. உங்கள் சபையார் சொன்னது தப்புக்கா.

மேய்ப்பன்_கோல்: இதில் நாம் ஒன்றுதான் பிரதர். பேதுரு மறுதலிக்கும் முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் இயேசு (லூக்கா 22:32).

பெரேயா_வாசகன்: ஆமாம். ஆனால் பேதுரு மனங்கசந்து அழுதான். அந்த அழுகை இல்லாமல் திரும்புதல் இல்லை என்பதில் நான் மாறவில்லை.

எஸ்தர்_நெல்லை: லூக்கா 22:32-ஐ அவன் பேரைச் சொல்லி இப்போதுதான் ஜெபித்தேன். இன்றைக்கு அவன் வேலை முடிந்து வர பத்து மணி ஆகும். வசனம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.