பொருள்: பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா – தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதய வால்வில் வரும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். ‘தீங்கற்ற நார்மீள் கட்டி’ என்று போட்டிருக்கிறேன்; ஃபைப்ரோவுக்கு ‘நார்’, எலாஸ்டோவுக்கு ‘மீள்’. சரிதானா?

இதய மருத்துவர்:
‘தீங்கற்ற’ வேண்டாமே. புற்று இல்லை, உண்மை. பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் அதன் துணுக்கோ மேலே படிந்த ரத்தக்கட்டியோ பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பெருந்தமனி வால்வில் இருந்தால் இதயத் தமனியின் வாயையே அடைக்கலாம். ‘தீங்கற்றது’ என்று படித்தவர் அடுத்த எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, வரமாட்டார். ‘புற்றல்லாத’ போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கட்டி சீழ்க்கட்டிக்கும் பொது. ‘கழலை’ இருக்க ஏன் இந்தப் பஞ்சம்? கழலுதல் என்றால் பிடி விட்டு நழுவுதல். மருத்துவர் சொல்லும் குணமும் அதுதானே! வால்வுக்கு ‘ஓரதர்’. அதர் என்றால் வழி, ஒருவழிப் பாதை.

யாழ்ப்பாண ஆசிரியை:
ஐயா, கழலை உருட்சியிலிருந்தும் வந்திருக்கலாம், உருண்டையான கழற்சிக்காயைப் பாருங்கோ. எப்படியானாலும் கழலை என்றால் வாசிப்பவர் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார். வால்வு இங்கேயும் வால்வுதான். நீங்கள் மூவிதழ் வால்வு என்பதை நாங்கள் முக்கூர் வால்வு என்போம், அவ்வளவே. ஓரதர் என்றால் பிள்ளைகள் எந்த ஊர் என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர்:
கழற்சிக்காய் என்றதும் சங்கப் பாடல்களில் வரும் முருக பூசாரி வேலன் நினைவுக்கு வருகிறான். தலைவியின் மெலிவுக்கு முருகனே காரணம் என்று கழங்கு, அதாவது அந்தக் காயை, உருட்டிக் குறி பார்த்துச் சொல்வானே!

இதய மருத்துவர்:
காதல் நோயைத் தவறாகக் கணித்தவன்! எங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு, ஐயா. எக்கோவில் இது கிருமித்தொற்றுப் படிவு போலவும் ரத்தக்கட்டி போலவும் ஏய்க்கும். காய்ச்சல் உண்டா, ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்போம். உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோவில் குட்டைக் காம்பும் சிலிர்த்த விளிம்பும் தெளிவாகத் தெரியும். வெட்டியெடுத்து நீரில் போட்டால் கடற்சாமந்தி என்ற கடல் உயிரி போல் இழை இழையாக விரியும். பெயரில் ‘இழை’ இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்போ ‘வால்வு இழைக்கட்டி’, கீழே ‘இது புற்றுநோய் அல்ல’. சிகிச்சைப் பத்தி இப்படி: ‘இதயத்தின் இடப்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் பொதுவாக அறுவை, பெரும்பாலும் வால்வை மாற்றாமல் கட்டியை மட்டும் சீவி எடுத்துவிடலாம். சிறிதாக, ஆடாமல், தொந்தரவின்றி இருந்தால் அவ்வப்போது எக்கோ எடுத்துக் கண்காணிப்பார்கள்.’

யாழ்ப்பாண ஆசிரியை:
எனக்குச் சம்மதம். ‘சீவி’ நல்ல சொல்.

இதய மருத்துவர்:
நானும். ‘மீள்’ போனதில் எனக்கு வருத்தமில்லை.

தமிழாசிரியர்:
பெரும்பான்மை வெல்லட்டும். ஆனால் ‘வால்வு’ தமிழா? ஓரதரை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். கழலை பற்றித் தனி மடலில் எழுதுகிறேன், இன்னும் முடியவில்லை.