'அப்ஸ்டேஜ்': மேடையின் சரிவில் பிறந்த சொல்

ஒருவரை ஓரங்கட்டிவிட்டுத் தாமே கவனத்தைப் பறித்துக்கொள்வது என்ற பொருளில் 'அப்ஸ்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் செய்தித்தாள்களில் படித்திருந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்பது கல்லூரி நாடக ஒத்திகை ஒன்றில்தான் எனக்குப் புரிந்தது. அண்ணனாக நடித்தவர் வசனம் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்கிப் பின்திரையை ஒட்டி நின்றுகொண்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய தங்கையோ, பார்வையாளருக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டியதாயிற்று. இயக்கிய பேராசிரியர் ஒத்திகையை நிறுத்தி, "அந்தப் பெண்ணை அப்ஸ்டேஜ் செய்யாதீர்கள்" என்றார்.

ஐரோப்பாவின் பழைய அரங்குகள் பலவற்றில் மேடைத் தளம் பின்புறம் உயர்ந்து, பார்வையாளரை நோக்கிச் சரிந்து வரும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ 1545இல் வெளியிட்ட நூலிலேயே இத்தகைய மேடையின் வரைபடம் உண்டு. 1875இல் திறக்கப்பட்ட பாரிஸ் கார்னியே ஓப்பரா அரங்கின் மேடையும் சரிவானதே. தீட்டிய திரைகளில் தெரு நீண்டு செல்வது போன்ற தோற்றத்தைத் தரவும், பின்னால் நிற்பவர் மறையாமல் தெரியவும் இந்தச் சரிவு உதவியது. அதனால்தான் மேடையின் பின்பகுதி 'மேல்' (அப்) என்றும் முன்பகுதி 'கீழ்' (டவுன்) என்றும் ஆயின. இடையில் 'அப்ஸ்டேஜ்' என்ற சொல்லுக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்ற பொருளும் இருந்ததாம், அதுவும் பொருத்தம்தான்.

பிறரை விஞ்சிச் சிறந்து விளங்குதல் என்று பொருள்படும் 'எக்செல்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்திலும் உயர்தல் என்ற பொருளே உள்ளது. ஆனால் அங்கே உயர்வது ஒருவரின் தகுதி. இங்கே உயர்ந்திருப்பது வெறும் பலகைத் தளம். ஆகவே 'அப்ஸ்டேஜ்' என்பதை 'விஞ்சுதல்' என்று பொதுவாக மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

இச்சொல் பற்றி மற்றொருவரின் பகிர்வு:

நான் சென்னையில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் இருக்கிறேன். நாங்கள் நடிக்கும் சபா மேடைகளில் சரிவே கிடையாது, ஆயினும் 'அப்', 'டவுன்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் மூத்த நடிகர் ஒருவர் நின்ற இடத்தைவிட்டு அசையாமலேயே, பிறர் பேசும்போது தோள்துண்டை உதறி உதறி மடிப்பார். அதையும் இதே சொல்லால்தான் குறிப்பிடுவோம். இயக்குநர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் முதல் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.